கரைப்புக் கூடம்

அப்பாவின் அஸ்தியைக் கரைப்புக் கூடத்தின் கண்ணாடி வாய்க்காலில் விட்டோம். நேராகக் கடலுக்குப் போய்விடும் என்றிருந்தார்கள்.

"திரும்பிப் பாக்காம போங்க" என்றார் கூடத்து ஊழியர் ஞானவேல். அதுதானே முறை. அண்ணன் வெளியே போனான். கைப்பையை மறந்துவிட்டதால் நான் மட்டும் திரும்பினேன்.

நீர் போன வேகத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது, அப்பாவோடு. மறுபடி போனது, மறுபடி வந்தது. பச்சை லேசர் ஒளியில் சாம்பல் சுழன்று மின்ன, ஞானவேல் திரையைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக எவரும் திரும்பிப் பார்க்காததில் இந்தக் கூடத்தார் பிழைத்திருக்கிறார்கள்.

"என்னங்க இது?"

"ஆராய்ச்சிக்கு நீர்ச்சுழி அளக்குறோம்மா. சாம்பல் இருந்தாத்தான் லேசர்ல தெரியும். உங்கப்பாது நல்லா நைஸா இருக்கு. போன வாரம் வந்ததெல்லாம் அடியில படிஞ்சிருச்சு."

"கடல்ல எப்ப விடுவீங்க?"

"எந்தக் கடல்ல?"

முந்தானையைச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் அள்ளினேன்.

"அள்ளாதீங்கம்மா" என்றார், டம்ளரைக் கீழே வைக்காமலே. "அதுல நாப்பது பேரு இருக்காங்க."

முழங்கை வரை சாம்பல் நீர் வழிந்தது. அதை உதறவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.