கயிற்றின் மறுமுனை

மூன்றாம் மாடி ஜன்னலுக்கு நேராக, இடுப்புப் பட்டையில் தொங்கியபடி தூங்குமூஞ்சி மரத்தின் பட்டுப்போன கிளையை அறுத்துக்கொண்டிருந்தான் சுடலைமணி. உள்ளே நான்கு வருடமாகப் படுத்த படுக்கையாக இருக்கும் பிரம்மநாயகம் கேட்டார்: "இந்த வேலைக்கு என்ன படிக்கணும் தம்பி?"

"படிப்பெல்லாம் வேண்டாம் ஐயா. புடிச்ச கயித்தை விடக் கூடாது, அவ்வளவுதான்."

சொன்னவன், மிச்சமாகத் தொங்கிய கயிற்று நுனியைக் கம்பி வழியே நீட்டினான். அவனைத் தாங்கும் கயிறு மேலே கிளை பிரியும் கவட்டில் பத்திரமாகக் கட்டப்பட்டிருந்தது.

"கொஞ்சம் புடிச்சுக்கோங்க."

பிரம்மநாயகம் இரண்டு கைகளாலும் பிடித்தார். மருமகள் மாத்திரை கொண்டுவந்தபோது, "மேல ஆள் இருக்கான்மா" என்று வாயை மட்டும் திறந்தார்.

சாயங்காலம் தரையிறங்கிய சுடலைமணி அண்ணாந்து கத்தினான்: "இறங்கிட்டேன், விடலாம் ஐயா!"

கயிறு மெல்லத் தளர்ந்தது. ஜன்னலிலிருந்து குரல் வந்தது:

"நாளைக்கு எந்த மரம்?"