துரை அடிக்காத நாவல்கள்

"தொரை இவ்வளவு நல்லவருன்னா நம்மாளுங்க ஏம்மா தோட்டத்த விட்டு ஓடுனாங்க?" என்று, நாவல் ஒன்றைப் படித்துவிட்டு மகள் ஒருநாள் சாராளிடம் கேட்டாள்.

தேயிலைத் தோட்டங்களை வாங்கிய கம்பெனி, அவற்றைப் பற்றிய நாவல்களையும் வாங்கியிருந்தது. அவற்றைத் திருத்துவது சாராளின் வேலை; கதைகளில் வெள்ளைக்காரத் துரையின் கைச் சவுக்கைக் குடையாக மாற்றியவளே அவள்தான். அவள் திருத்தினால் எல்லோரிடமும் உள்ள மின்பிரதி அக்கணமே மாறிவிடும். திருத்தாமல் ஒரு வரி தப்பினாலும் வேலை போய்விடும்.

அப்படி ஒருமுறை அவள் தவறவிட்டபோது, உடன் வேலை பார்த்த மாசிலாமணி பழியை ஏற்றுக்கொண்டு வெளியேறினார். "ஒனக்குப் புள்ள இருக்கு தாயி. எனக்குச் சக்கர வியாதி மட்டுந்தான்," என்று சிரித்தார். போன மாதம் பசியும் நோயுமாக இறந்துபோனார்.

இன்று, சவுக்கடியில் செத்த தம் முன்னோரைப் பற்றி மாசிலாமணியின் தகப்பனார் எழுதிய நாவல் சாராளிடம் வந்தது. அவள் ஒரு சொல்லையும் தொடாமல், 'திருத்தியாயிற்று' என்று குறித்து அனுப்பினாள். ஆண்டவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை.