ஏழு ஹோட்டல்கள்

“கடைசியா ஒண்ணு. அந்த மாடி ஹோட்டல்ல சூப் பிரமாதமாம், போகலாமா?” என்று ஆபீஸிலிருந்து போனில் கேட்டார் கணக்காளர்.

“சூப்பா? அந்தப் பேச்சே வேண்டாம்! கடிச்சுச் சாப்பிடற மாதிரி சொல்லுங்க,” என்றாள் மனைவி.

வேறு ஹோட்டலை முடிவு செய்து அவர் போனை வைத்ததும் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். “ரெண்டு நாள் டூருக்கு ஏழு ஹோட்டலா? வீட்ல அடுப்பே பத்த வைக்கறதில்லையா சார்?”

“எட்டு மாசமா அவ எனக்கு வேளை தவறாம சமைச்சுப் போட்டா. தொண்டையில ஆபரேஷன் ஆனதால அவளுக்குக் குழாய் வழியா சூப்பும் ஜூஸும்தான். இனிமே எதை வேணும்னாலும் சாப்பிடலாம்னு நேத்துதான் டாக்டர் சொன்னார்.”

சிரித்தவர் நாற்காலியை அருகில் இழுத்தார். “அப்போ ஏழு எப்படி சார் போதும்?”

போன் மறுபடி அடித்தது. எடுத்ததும் நறுக்கென்று ஒரு சத்தம்.

“ஆப்பிள்ங்க!” என்றாள் அவள், வாய் நிறைய.