டாக்டரம்மாவின் கேள்விகள்

1938. டாக்டர் வந்து நடத்தும் உடல்நலப் பரிசோதனையில் முதலிடம் பெறுபவனே கல்லூரிக் கால்பந்துக் குழுவின் தலைவன் என்று ஆசிரியர் அறிவித்திருந்தார். ஆகவே, மலைமேல் மாணவர்கள் தங்கியிருந்த வாசலூர்பட்டி முகாமுக்கு டாக்டரம்மா மூச்சிரைக்க வந்து நின்றதும் செங்கோடன் முந்திக்கொண்டு முன்னே போனான்.

"பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?"

"தொட்டதே இல்லீங்க."

"ராத்திரி நல்லாத் தூங்கினியா?"

"படுத்தா விடியறப்பத்தானுங்க முழிப்பு."

"மலையேறும்போது மூச்சு வாங்கிச்சா?"

"எனக்கா? ஓடியே வந்தேனுங்க! இந்தச் சுப்பண்ணன்தான் வழியெல்லாம் உக்காந்து உக்காந்து வந்தான்."

"அடப் பாவி!" என்றான் பின்னால் நின்ற சுப்பண்ணன்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "நீதான் முதல் ஆள். இன்னும் மூணு பேர் வேணும்."

தலைமை கைக்கு வந்துவிட்டதென்று செங்கோடன் துள்ளிக் குதித்தான். "அப்ப பரிசோதனை முடிஞ்சுதுங்களா?"

"எந்தப் பரிசோதனை? அந்தக் குடிசையிலே பாவாயிக்குப் பிரசவ வலி; வயித்திலே பிள்ளை குறுக்கே கிடக்கு. உடனே அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். டோலி தூக்குற ஆம்பிளைங்க எல்லாரும் காய்ச்சல்லே படுத்திருக்காங்க."

செங்கோடன் ஒரு கணமும் தயங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய், டோலியின் முன்கம்புக்குத் தோள் கொடுத்தான். சுப்பண்ணனும் வேறு இருவரும் உடன் தூக்கினார்கள்.

டோலிக்குள்ளிருந்து, முனகலுக்கு நடுவே பாவாயியின் குரல் எழுந்தது:

"ஓடுங்க சாமி, ஓடுங்க!"