சோம்புத் தட்டின் சந்தேகம்

ஓர் ஓட்டலில் பில்லோடு மேசைக்குப் போகும் சோம்புத் தட்டுக்கு ஒரு சந்தேகம். முன்பெல்லாம் சாப்பிட்டவர்கள் சோம்பை அள்ளிக்கொண்டு, சர்வர் மாசிலாமணிக்குச் சில்லறை வைத்துவிட்டுப் போவார்கள். இப்போது பில்லைப் படித்ததும் பர்ஸை மூடிவிடுகிறார்கள்.

"உன்மேல் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது?" என்று பில்லைக் கேட்டது தட்டு.

"சர்வீஸ் சார்ஜ். மாசிலாமணிக்குச் சேர வேண்டியதை இனி நானே வாங்கிவிடுவேன்."

"வாங்கி?"

"கல்லாப்பெட்டியிடம் கொடுத்துவிடுவேன்."

கல்லாவுக்குத் திரும்பியதும் தட்டு பெட்டியை விசாரித்தது. "மாசிலாமணி காசு வந்ததா, அண்ணே?"

"வராமல் என்ன? தினமும் வருகிறது."

"அவருக்குக் கொடுத்தாயா?"

"நான் எங்கே கொடுப்பது? முதலாளி திறப்பார், எடுப்பார். வேண்டுமானால் வாசலில் புதிதாக வந்திருக்கிறதே, அதைக் கேள்."

வாசலில் ஒரு விளக்குப் பலகை ஜொலித்தது. அதில் 'அன்பான சேவை' என்று எழுதியிருந்தது.

"அந்தக் காசில்தான் என்னை வாங்கினார்கள். அழகாக இருக்கிறேனா?" என்றது பலகை.

"இருக்கிறாய். ஆனால் மாசிலாமணிக்கு என்ன கிடைத்தது?"

பலகைக்கு ஒரே ஆச்சரியம். "கிடைக்காமல் என்ன? தினமும் ஏணி போட்டு ஏறி என்னைத் துடைக்கிற வேலை அவருக்குத்தானே கிடைத்திருக்கிறது!"