நாற்பத்தைந்து வாரக் கோழிகள்

நல்லம்மாள் கோழியின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து வெளியே இழுத்தாள். தலைகீழாகத் தொங்கியதும் அது அடங்கிப்போனது.

கறிக்கு ஏற்றிப்போக வந்த லாரிக்காரன் அதன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தான்.

"அக்கா, இது நல்லா முட்டை விடுற கோழிங்க. எத்தனை வாரம்?"

"நாப்பத்தஞ்சு."

"இன்னும் முப்பது வாரம் விடுமே."

அவள் அடுத்த கூண்டைத் திறந்தாள்.

மூவாயிரம் கோழிகள். கணவன் இறந்தபின் எட்டு வருடமாக அவள் ஒருத்தியாக நடத்திய பண்ணை.

தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். ஆத்தூர்ப் பக்கம் சோளக்காடு வைத்திருந்த அண்ணன் செங்கோடன்தான் ஒவ்வொரு அறுப்புக்கும் முதல் வண்டியை அவளுக்கு அனுப்புவான்.

இந்த வருடம் அந்தப் பக்கம் ஓர் ஆலை வந்தது. பெட்ரோலில் கலக்கிற எத்தனாலைச் சோளத்திலிருந்து காய்ச்சுகிறார்களாம். களத்துக்கே வந்து எடை போட்டு, கூடுதல் விலை கொடுத்து, ஊர்ச் சோளம் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

தீவன விலை ஏறியது. முட்டை விலை நின்ற இடத்திலேயே நின்றது.

அண்ணனும் ஆலைக்குத்தான் போட்டான்.

அவள் தனக்கென்று ஒரு வண்டிகூடக் கேட்கவில்லை. படைப்புழு சோளத்தைத் தின்று தீர்த்ததில், இரண்டு வருடம் வெறும் தட்டையை மாட்டுக்கு அறுத்துப் போட்டவன் அவன். அண்ணி காதில் தோட்டுக்குப் பதிலாக ஈர்க்குச்சி இருந்ததை அவளே பார்த்திருக்கிறாள்.

தீவனத்தைக் குறைத்துப் போட்டுப் பார்த்தாள். பசித்த கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கின. வெள்ளை இறகுகளில் ரத்தம் கண்ட அன்று லாரிக்காரனுக்குப் போன் செய்தாள்.

கோழி பிடிக்க ஆள் போதவில்லை என்று அண்ணனிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். இன்று விடிந்ததும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எதிர் வரிசையில் பிடிக்க ஆரம்பித்தான்.

இருவரும் கூண்டு கூண்டாகப் பிடித்துக்கொண்டே போனார்கள். கோழிகளின் கத்தல் மட்டும்.

பிறகு அண்ணன் இருந்த வரிசையில் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தாள்.

அண்ணன் ஒரு கோழியை மாரோடு அணைத்துப் பிடித்திருந்தான். அடியில் தாங்கிய உள்ளங்கையில் முட்டை. அப்போதுதான் விழுந்தது. ஈரம் காயவில்லை.

"அம்மிணி..."

"ட்ரேயில வைங்கண்ணா."

வைத்தான். கோழியைக் கொண்டுபோய் லாரிப் பெட்டிக்குள் விட்டான். திரும்பி வந்தவன் அவள் எதிரில் நின்றான்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா உனக்குக் குடுத்திருப்பனே அம்மிணி."

"குடுத்திருப்பீங்க."

குனிந்து அடுத்த கோழியின் கால்களைத் தேடினாள்.

"அதான் கேக்கல."

உச்சிவேளைக்குள் லாரி போய்விட்டது. தார்ச்சாலை வரைக்கும் கத்தல் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

கை கால் கழுவிவிட்டுச் சோறு வடித்தாள். இலை போட்டுவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். அவன் வராததால் பண்ணைக்கே போனாள்.

அவன் திறந்து கிடந்த கூண்டுக் கதவுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தான். ஒவ்வொன்றிலும் கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, அடுத்ததற்கு நகர்ந்தான். இன்னும் இரண்டு வரிசை இருந்தது.

காலிக் கூண்டை மூடத் தேவையே இல்லை. அவள் அடுத்த வரிசைக்குப் போய் முதல் கொக்கியை மாட்டினாள்.