பலகையைக் கழற்றியது யார்?

"ஐயா, ஹைவேக்கு எப்படிப் போறது? இங்க சுவருதானே இருக்கு!"

கேட்டுக்கு வெளியே மீன் லாரிக்காரர் முழித்துக்கொண்டு நின்றார். அம்பிகைபாகன் சார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

மலேசியாவில், மாசாய் ஊரில் அவர் குடியிருக்கும் தெரு, நேரே ஒரு மதிற்சுவரில் போய் முட்டி நின்றுவிடும். தெருமுனையில் 'ஜாலான் மாத்தி' என்று முட்டுச்சந்துப் பலகை இருந்தவரை ஒரு வண்டியும் உள்ளே வராது. போன மாதம் பலகை மாயமாகிவிட்டது. அன்றிலிருந்து வழி தவறியவர்கள் எல்லாரும் சார் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறார்கள்.

சார் ஆயுசு முழுக்க ஆங்கில வாத்தியார். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான், வாய் இல்லை.

"தம்பி, இதத்தான் வெள்ளைக்காரன் பிளைண்ட் ஆலின்னு சொல்வான். பிளைண்ட்னா கண்ணு தெரியாததுன்னு நினைச்சிடாதீங்க. ஒரு பக்கம் அடைச்சுக் கிடக்கிறதுக்கும் அந்தக் காலத்துல அதே சொல்லுதான். ஆலி எங்கிருந்து வந்துச்சு? பிரெஞ்சு. போறதுன்னு அர்த்தம். அப்புறம் முன்னேற வழியில்லாத வேலைக்கும் அதையே சொல்ல ஆரம்பிச்சான்..."

"ஐயா, ஐஸ் உருகுது லா!"

"இருங்க, முட்டுச்சந்துக்கு இன்னொரு பேரு கல்-டி-சாக். அதப் பத்தி இன்னும் சொல்லவே இல்லையே!"

அதையும் சொல்லி முடித்துத்தான் வழியைச் சொன்னார். ஆளை விட்டால் போதும் என்று லாரிக்காரர் ஓடிப்போனார்.

"பாத்தியா பாமா! நிம்மதியா ஒரு பேப்பர் படிக்க முடியுதா?" உள்ளே வந்து மனைவி சத்தியபாமாவிடம் பொரிந்து தள்ளினார். "எல்லாம் அந்த மரியநாதன் பண்ணின வேலை!"

மரியநாதன் தெருமுனையில் வாழைப்பழம் பொரித்து விற்கிறவர். வழி தெரியாமல் வந்தவர்கள் திரும்பிப் போகும்போது அவரிடம் சூடாக ஒரு பொட்டலம் வாங்கிப் போவார்கள். சாருக்கு வேறு சாட்சி எதற்கு? விடுவிடுவென்று கடைக்கே போய்விட்டார்.

"பலகைய நீதானே கழட்டின?"

"இல்ல சார்."

"பின்ன யாரு?"

மரியநாதன் கண்ணை எங்கோ திருப்பிக்கொண்டு, எண்ணெய்ச் சட்டியிலிருந்த பழத்தைப் புரட்டிப் போட்டார்.

"திருட்டு முழி! நாளைக்கே நகராண்மைக் கழகத்துல சொல்லி உன் லைசன்ஸ கேன்சல் பண்ண வைக்கிறேன் பாரு."

"சார், இந்தக் கடைய வச்சுத்தான் புள்ளைங்கள படிக்க வைக்கிறேன்."

"கை வைக்கிறதுக்கு முன்னாடி அதை யோசிச்சிருக்கணும்!"

மறுநாள் காலை, சார் சொன்னபடியே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்தார். சத்தியபாமா வாசலை மறித்து நின்றாள்.

"போகாதீங்க. பாவம், அந்த மனுஷன் வயித்துல அடிக்காதீங்க. பலகையக் கழட்டினது நான்தான்."

"நீயா?"

"நான்தான். கழட்டுறப்ப அவரு பாத்துட்டாரு. 'யாருக்கும் சொல்லிடாதீங்கண்ணே'ன்னு கேட்டுக்கிட்டேன். கடையே போற நிலைமையிலகூட என்னைக் காட்டிக் கொடுக்கல. எனக்குத்தான் ராத்திரியெல்லாம் மனசு கேக்கல."

சார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? அந்தப் பலகை உன்னை என்ன பண்ணுச்சு?"

"பலகை ஒண்ணும் பண்ணல. நீங்க ரிட்டயர் ஆனதுலேருந்து எந்தச் சொல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு நீங்க சொல்றத நான் ஒருத்தியே கேட்டுக்கிட்டு இருந்தேன். இந்த ஒரு மாசமாத்தான் வேற ஆளுங்க வந்து கேக்குறாங்க."

"அதுக்காக? வழி தெரியாதவங்கள இப்படி மாட்டி விடுவியா?"

சத்தியபாமா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவங்களாவது ரிவர்ஸ் எடுத்துக்கிட்டுப் போயிடலாம். நான் எங்கங்க போறது?"